பழைய கோல்ஃப் கிளப்புகளுக்கு இடையே பரஸ்பர ஆட்ட ஒப்பந்தம்: கையெழுத்துக்கு அப்புறம் வரும் வேலைகள்

ஒரு கிளப்பின் மெம்பர் இன்னொரு கிளப்பின் மைதானத்தில் போய் ஆட இரு கிளப்புகளும் ஒப்புக்கொள்வதுதான் பரஸ்பர ஆட்ட ஒப்பந்தம். இரண்டு கிளப் கேப்டன்கள் கைகுலுக்கி, சின்னம் பொறித்த கேடயங்களை மாற்றிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று பல கமிட்டிகள் நினைத்துக்கொள்கின்றன. ஆனால் அதை நடத்தப்போவது அந்த இருவரும் இல்லை. சனிக்கிழமை காலையில், முதல் டீ (ஆட்டத்தின் முதல் பந்தை அடிக்கும் இடம்) பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களை வரிசையாக அனுப்பும் ஸ்டார்ட்டரும், செக்ரட்டரி ஆபீஸில் மெயில் பார்ப்பவரும்தான். முன்பின் தெரியாத ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து "எங்க கிளப்புக்கும் உங்க கிளப்புக்கும் ஒப்பந்தம் இருக்கே" என்று சொல்லும்போது, அவரை ஆட விடலாமா, என்ன கட்டணம் வாங்குவது, எந்தக் குழுவோடு சேர்த்து அனுப்புவது என்று இரண்டு நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டியவர் அந்த ஸ்டார்ட்டர். அவருக்குப் புரியாத ஒப்பந்தம் எத்தனை அழகான தாளில் அச்சடித்திருந்தாலும் பயனில்லை. அதனால் எல்லாவற்றையும் அவர் மேஜையிலிருந்தே பார்ப்போம்.

முதலில் கையில் இருப்பதைத் தேடுங்கள்

நூறு வருஷம் தாண்டிய கிளப் என்றால், புது ஒப்பந்தத்துக்குப் பிள்ளையார் சுழி போடுவதற்கு முன்னால் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும், எப்போதோ ஒரு கேப்டன் எழுதிய நன்றிக் கடிதத்தில் "எங்கள் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும்" என்று ஒரு வாக்கியம் இருக்கும், சுவரில் மாட்டிய பலகையில் ஒரு பெயர் இருக்கும், இவை மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மெம்பர் இத்தனை மைல் பயணம் செய்து போய் வாசலில் நின்றுவிடுவார். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதி, ஒவ்வொரு கிளப்புக்கும் நேரடியாகக் கேட்டு எழுதுங்கள்: எங்கள் பதிவில் இப்படி இருக்கிறது, உங்கள் பதிவில் என்ன இருக்கிறது? எதிர்த்தரப்பில் அப்படி எதுவுமே பதிவாகவில்லை என்று பதில் வந்தால் அது நல்ல செய்திதான், புதிதாகப் பேசத் தொடங்கலாம். பதிலே வராத கிளப்பைப் பட்டியலில் தொங்கவிட வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

இதில் பழைய கிளப்புகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கிளப் வேறு, மைதானம் வேறு. 1744இல் ஸ்காட்லாந்தின் லீத்தில் 13 விதிகளை எழுதிவைத்த எடின்பரோ கோல்ஃபர்கள் 1836இல் மஸல்பரோவுக்குப் போனார்கள், 1891இல் மியூர்ஃபீல்டுக்கு வந்தார்கள். கிளப் ஒன்று, ஆடிய இடம் மூன்று. அதே நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர் இன்னும் நல்ல உதாரணம். 1754இல் தொடங்கிய ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் கட்டடம் அங்குள்ள ஓல்டு கோர்ஸ் மைதானத்தின் முதல் டீக்குப் பின்னாலேயே நிற்கிறது, ஆனால் மைதானம் அந்தக் கிளப்புக்குச் சொந்தமில்லை. 1974இல் ஏற்பட்ட லிங்க்ஸ் டிரஸ்ட் அதை நிர்வகிக்கிறது, அது பொது மைதானம். போதாததற்கு, விதிகளையும் ஓபன் போட்டியையும் பார்த்துக்கொள்ளும் அமைப்பு 2004இல் கிளப்பிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்டது. ஆக, ஒரே பெயரைச் சுற்றி மூன்று வெவ்வேறு ஆபீஸ்கள். ஒரே மைதானத்தை இரண்டு மூன்று கிளப்புகள் பங்கு போட்டுக்கொள்ளும் ஊர்களும் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் நிறைய உண்டு. அதனால் எந்தப் பழைய கிளப்போடு பேசினாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேர ஒதுக்கீடு) கொடுக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறதா, இருந்தால் எந்த நாளில், எத்தனை இடம்? கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேட்காமல் கையெழுத்துப் போட்டால் உங்கள் மெம்பர் ஓய்வறையில் காபி குடித்துவிட்டு ஜன்னல் வழியாக மைதானத்தை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவார்.

"ஆடலாம்" என்றால் என்ன

பரஸ்பரம் என்ற ஒரே சொல்லுக்குள் நாலு விதமான ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. கிளப் கட்டடத்தை மட்டும் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. வெளியாள் கொடுக்கும் முழு கிரீன் ஃபீ (மைதானத்தில் ஆடுவதற்கான கட்டணம்) கட்டி ஆடலாம், அறிமுகம் மட்டும் நாங்கள் தருகிறோம் என்பது இன்னொன்று. மெம்பரோடு வரும் கெஸ்ட்டுக்கு என்ன கட்டணமோ அதையே கட்டி, மெம்பர் கூட இல்லாமலே ஆடலாம் என்பது மூன்றாவது. கட்டணமே இல்லாமல் ஆடலாம் என்பது கடைசி. இது அபூர்வம், அதுவும் ஆட்கள் குறைவாகப் போய்வரும் கிளப்புகளுக்கு இடையில்தான் நிலைக்கும். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் நல்லது. வருகிறவருக்கு மரியாதையாக இருக்கும், நடத்துகிற கிளப்புக்கும் நஷ்டம் இல்லை, ஒருதலையாகப் போனாலும் யாரும் முறைத்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த வகை என்பதை ஒப்பந்தத்தில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பொதுவாகப் பார்க்கக் கிடைப்பது இப்படி இருக்கும்: "இரு கிளப்புகளின் உறுப்பினர்களும் மற்ற கிளப்பின் வசதிகளை நல்லெண்ண அடிப்படையில் பயன்படுத்தலாம்." இதை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் என்ன செய்வார்? அதற்குப் பதில் இப்படி: "மற்ற கிளப்பின் முழு உறுப்பினர் ஒருவர், தன் கிளப் ஆபீஸ் குறைந்தது ஏழு நாள் முன்பு அனுப்பிய அறிமுகக் கடிதத்தின் பேரில், திங்கள் முதல் வியாழன் வரை, கெஸ்ட் கட்டணம் செலுத்தி, ஒரு காலண்டர் ஆண்டில் நான்கு ரவுண்டு வரை ஆடலாம். தன்னுடன் ஒரு விருந்தினரை அழைத்து வரலாம்; அவருக்கு வெளியாள் கட்டணம்." படிக்க வறட்சியாக இருக்கிறதுதான், ஆனால் இதில் யார், எப்போது, எவ்வளவு, எத்தனை முறை, யாரோடு என்ற ஐந்துக்கும் பதில் இருக்கிறது. நல்லெண்ணத்தைப் பற்றிய வரியை முகவுரையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது யாருக்கும் தொந்தரவு தராது.

யாரோடு சேர்வது

வயது ஒன்றே போதாது. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா, 1856இல் தொடங்கிய பிரான்ஸின் பாவ், 1873இல் தொடங்கிய ராயல் மாண்ட்ரியல் போன்ற பெயர்களைச் சுவரில் மாட்டிக்கொள்ள எந்தக் கமிட்டிக்கும் ஆசை இருக்கும். ஆசை இருக்கட்டும். ஆனால் உங்கள் மெம்பர்கள் உண்மையில் எங்கே போகிறார்கள், அங்கிருந்து உங்கள் பக்கம் யாராவது வருவார்களா என்று பாருங்கள். மெம்பர்கள் வேலைக்காகவும் குடும்பத்துக்காகவும் அடிக்கடி போகும் ஊரில் ஒரு சுமாரான பழைய கிளப், யாருமே போகாத தூரத்தில் இருக்கும் பெரிய பெயரை விட எவ்வளவோ மேல்.

ரொம்பப் பக்கத்தில் இருந்தாலும் வம்பு. ஒரு மணி நேர கார் பயணத்தில் இருக்கும் கிளப்போடு ஒப்பந்தம் போட்டால், சந்தா குறைவாக இருக்கும் கிளப்பில் சேர்ந்துகொண்டு சந்தா அதிகமான கிளப்பில் ஆடுகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். இதற்காகத்தான் பல கிளப்புகள் தூர வரம்பு வைக்கின்றன: மற்ற கிளப்பிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்று. சட்டென்று கடுமையாகத் தெரியும், ஆனால் உள்ளூர் மெம்பர்கள் "அவன் பாதிச் சந்தாவில் ஆடுகிறான்" என்று புலம்பத் தொடங்கிய பிறகு கொண்டுவருவதை விட முதல் நாளே வைத்துவிடுவது எளிது.

அறிமுகக் கடிதம்

ஒப்பந்தத்தில் தினசரி உழைப்பது இந்த ஒரு காகிதம்தான், ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கடிதம் மெம்பர் கையில் கொடுத்தனுப்புவதாக இருக்கக் கூடாது. ஆபீஸிலிருந்து ஆபீஸுக்குப் போக வேண்டும், பிரதி மெம்பருக்கு. கையில் கொடுத்தால் ஒரே கடிதத்தை வருஷம் முழுக்கக் காட்டுகிறவர்களும், மைத்துனருக்கு இரவல் கொடுக்கிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். மாதிரி ஒன்று:

"செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். இக்கடிதத்தில் குறிப்பிட்ட எங்கள் முழு உறுப்பினர் (உறுப்பினர் எண், சேர்ந்த ஆண்டு) அடுத்த மாதம் 12 முதல் 16 வரை உங்கள் ஊரில் இருப்பார். 13 அல்லது 14ஆம் தேதி காலையில் ஒரு ரவுண்டு ஆட விரும்புகிறார். உடன் விருந்தினர் ஒருவர். இன்றைய தேதியில் அவர் பெயரில் பாக்கி எதுவும் இல்லை, ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை. ஹேண்டிகேப் இன்டெக்ஸ் 14.2. எங்கள் ஒப்பந்தப்படி இந்த ஆண்டு இது அவருடைய இரண்டாவது வருகை. இக்கடிதம் 16ஆம் தேதி வரை செல்லும்."

பாக்கி இல்லை என்ற வரியை ஆபீஸ் சரிபார்க்காமல் எழுதக் கூடாது. சந்தா கட்டாமல் சொந்தக் கிளப்பின் நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டப்பட்டவர் வேறு கிளப்பில் ராஜா மாதிரி ஆடிவிட்டுப் போனது தெரிந்தால், அடுத்த கடிதத்துக்கு அங்கே மதிப்பு இருக்காது. எத்தனையாவது வருகை என்பதை அனுப்பும் கிளப்பே எழுதிவிட்டால் எண்ணிக்கைத் தகராறும் வராது.

ஹேண்டிகேப், அதாவது ஆட்டக்காரரின் திறமைக்கு ஏற்பக் கொடுக்கும் ஸ்ட்ரோக் (அடி) சலுகை, அந்த விஷயம் முன்னைவிடச் சுலபமாகிவிட்டது. 2020இல் வேர்ல்ட் ஹேண்டிகேப் சிஸ்டம் வந்த பிறகு இன்டெக்ஸ் எண்ணுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள். அதை அந்தந்த கோர்ஸுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்: இன்டெக்ஸை அந்த டீயின் ஸ்லோப் எண்ணால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்பதன் அளவு) பெருக்கி 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (கைதேர்ந்தவர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்ட்ரோக் எண்ணிக்கை) பாரைக் (அந்த மைதானத்துக்கு வகுத்துவைத்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை) கழித்து வருவதைச் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன 14.2 காரர், ஸ்லோப் 118, ரேட்டிங் 69.8, பார் 70 உள்ள தன் சொந்தக் கோர்ஸில் 15 ஸ்ட்ரோக் வாங்குவார். ஸ்லோப் 132, ரேட்டிங் 73.1, பார் 71 உள்ள இடத்துக்குப் போனால் அவருக்கே 19. இது தெரியாமல் "நான் பதினைந்து" என்று சொல்லிக்கொண்டு போனால் பந்தயத்தில் நாலு ஸ்ட்ரோக்கைத் தானம் செய்துவிட்டு வருவார். இந்த மாற்று அட்டவணையைக் கூட்டாளிக் கிளப்பிடம் வாங்கி உங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவையுங்கள். அதிகபட்ச ஹேண்டிகேப் வரம்பு வைத்திருக்கும் பழைய கிளப்புகளும் உண்டு, அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் டீயில் போய்த் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை அது.

மூடிய நாட்கள்

ஓல்டு கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது, மக்கள் நடக்கவும் நாயோடு உலாவவும் அன்று மைதானம் அவர்களுடையது. மியூர்ஃபீல்டில் வெளியாட்களுக்கு என்று வழக்கமாக ஒதுக்கியிருப்பது செவ்வாயும் வியாழனும். பழைய கிளப்புகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், மெடல் நாள் (மெம்பர்களின் போட்டி நாள்), கேப்டன் தினம், மதியத்துக்கு மேல் ஃபோர்சம் (இருவர் இருவராகச் சேர்ந்து ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டம்) மட்டும் என்று. இவை எங்கும் எழுதியிருக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பவர்களுக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். சீசன் தொடங்கும்போது மூடிய நாட்களின் பட்டியலை இரு கிளப்பும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கிரீன்களில் (குழியைச் சுற்றியுள்ள புல்தரை) துளை போட்டு மணல் பரப்பும் வாரங்களையும் அதில் சேர்க்க வேண்டும். விமானம் ஏறி வந்தவர் தற்காலிக கிரீனில் பட் செய்ய நேர்ந்தால், குறை சொல்லாமல் போவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மைதானத்தின் தனி வழக்கங்களையும் சொல்லி அனுப்ப வேண்டும். இங்கிலாந்தின் வெஸ்ட்வர்ட் ஹோவில் 1864இல் தொடங்கிய ராயல் நார்த் டெவன் கிளப் பொது மேய்ச்சல் நிலத்தில் ஆடுகிறது, ஃபேர்வேயில் செம்மறிகளும் குதிரைகளும் நிற்கும். ராயல் கொழும்பு மைதானத்தின் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் உள்ளூர் விதிகளைத் தெரியாமல் ஆடினால் ஸ்கோர் கெடும் என்பது இருக்கட்டும், யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். வருகிற ஒவ்வொருவருக்கும் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும் என்று ஒரு வரி, அது அவர் சொந்தக் காப்பீடா, கிளப் காப்பீடா என்று இன்னொரு வரி. காப்பீட்டு ஏஜென்டிடம் ஒப்பந்தத்தின் பிரதியைக் காட்டிவிடுங்கள்.

யார் "உறுப்பினர்"

பழைய ஒப்பந்தங்களை அப்படியே புதுப்பிப்பதில் உள்ள பெரிய கண்ணிவெடி இது. ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க வாக்களித்தது 2014இல், மியூர்ஃபீல்டு 2017இல். அதற்கு முன்னால் எழுதிய ஒப்பந்தம் ஏதாவது உங்கள் பெட்டியில் இருந்தால், அதில் "ஜென்டில்மென் உறுப்பினர்கள்" என்றோ, மனைவிமார் குறிப்பிட்ட மணிக்கு மேல் ஆடலாம் என்றோ ஒரு வரி இருக்க வாய்ப்பு உண்டு. எடுத்துப் படியுங்கள், மாற்றி எழுதுங்கள். உங்கள் கிளப்பின் பெண் உறுப்பினர் உங்கள் கடிதத்தோடு போய், அங்கே வேறு கதவைக் காட்டப்பட்டால் அந்த அவமானம் உங்கள் கிளப் வாங்கிக் கொடுத்தது. ஒரு கிளப் இன்னமும் ஒரு பாதி உறுப்பினர்களுக்குத்தான் டீ டைம் தரும் என்றால் அந்த ஒப்பந்தம் வேண்டாம் என்பது என் கருத்து, அந்தக் கிளப் எத்தனை பழையதாக இருந்தாலும் சரி.

ஜூனியர், கம்பெனிப் பெயரில் இருப்பவர், வெளிநாட்டு உறுப்பினர், தற்காலிக உறுப்பினர் எல்லோரையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, உண்டு அல்லது இல்லை என்று எழுதுங்கள். முக்கியமாக வெளிநாட்டு உறுப்பினர். சில கிளப்புகளில் இந்தச் சந்தா மிகக் குறைவு, அதை வாங்கிக்கொண்டு சொந்தக் கிளப் பக்கமே போகாமல் பரஸ்பரக் கிளப்புகளில் மட்டும் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கணக்கு

எண்ணிக்கை எப்போதுமே சமமாக வராது. பெயர் பெற்ற மைதானத்துக்கு எல்லோரும் போவார்கள், அங்கிருந்து யாரும் கிளம்ப மாட்டார்கள். உங்கள் பக்கமிருந்து ஒரு வருஷத்தில் 60 ரவுண்டு போய், அங்கிருந்து 9 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கெஸ்ட் கட்டணம் வாங்கும் ஏற்பாடு என்றால் இது பிரச்சினையே இல்லை, அவர்களுக்கு வருமானம். இலவச ஏற்பாடு என்றால் மூன்றாவது வருஷம் அவர்கள் கமிட்டியில் யாராவது மேஜையைத் தட்டுவார். அதற்குள் நீங்களே பேசிவிடுங்கள்: வருஷ உச்சவரம்பு வைக்கலாம், வரம்புக்கு மேலே போகும் ரவுண்டுக்குக் கட்டணம் வைக்கலாம், அல்லது அவர்களுடைய மெம்பர்களை ஒரு குழுவாக அழைத்து இரண்டு நாள் போட்டி நடத்தி ஈடு செய்யலாம். கடைசியாகச் சொன்னது செலவுதான், ஆனால் அப்படி ஒரு தடவை வந்து ஆடிவிட்டுப் போனவர்கள் அப்புறம் தாங்களாகவே வரத் தொடங்குவார்கள்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். தேதி, வந்தவர் கிளப், உறுப்பினர் எண், கடிதத் தேதி, ரவுண்டு எண்ணிக்கை, வாங்கிய கட்டணம், குறிப்பு என்று ஏழு பத்தி உள்ள ஒரு ஷீட் போதும். குறிப்பு என்ற பத்தியில்தான் விஷயம் இருக்கிறது: தாமதமாக வந்தார், ஐந்து மணி நேரம் எடுத்தார், டிவட்டை (மட்டை பட்டுப் பெயர்ந்த புல்) சரி செய்யவில்லை, கேடியிடம் மரியாதையாக நடந்துகொண்டார். வருஷக் கடைசியில் இரு செக்ரட்டரிகளும் இந்த ஷீட்டை மாற்றிக்கொண்டு போனில் அரை மணி நேரம் பேசினால் பாதிப் புகார் கமிட்டி வரைக்கும் வராது. மெம்பர்களின் பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் இதில் வேண்டாம். ஐரோப்பிய நாட்டுக் கிளப் என்றால் 2018 முதல் அங்குள்ள தரவுச் சட்டம் கடுமை, தேவைக்கு மேல் கேட்டால் அவர்களே தர மாட்டார்கள்.

பில் விஷயத்தில் ஒரே விதி போதும்: ஆடிய அன்றே கட்டிவிட்டுப் போக வேண்டும். "என் கிளப் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்பது கேட்கக் கம்பீரமாக இருக்கும், ஆறு மாசம் கழித்து இரண்டு ஆபீஸ்கள் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருக்கும். கட்டாமல் போய்விட்டால் சொந்தக் கிளப் 30 நாளில் கட்டி, மெம்பரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவையுங்கள். வெளியாட்களிடமிருந்து வரும் பணத்துக்கு வரி விதி வேறாக இருக்கலாம், உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒழுங்கு நடவடிக்கையும் இதே மாதிரிதான்: நடத்திய கிளப் அன்றைக்கு வெளியே அனுப்பலாம், தண்டனை கொடுப்பது சொந்தக் கிளப்பின் வேலை, என்ன செய்தோம் என்பதை எழுத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஸ்டார்ட்டர் மேஜைத் தாள்

ஒப்பந்தம் எத்தனை பக்கம் இருந்தாலும் கிளப்புக்கு ஒன்றாக ஒரே ஒரு பக்கத் தாள் தயார் செய்து மேஜையில் வையுங்கள். கிளப்பின் பெயரும் சின்னமும், அனுமதி உள்ள நாட்கள், கட்டணம், விருந்தினர் எண்ணிக்கை, சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டிய அந்த ஆபீஸின் எண், கடிதம் இல்லாமல் வந்தால் என்ன செய்வது என்பது. இந்தக் கடைசிக்கு என் பதில்: கடிதம் இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டாம், இடம் இருந்தால் வெளியாள் கட்டணத்தில் ஆட விடுங்கள், சலுகை மட்டும் கிடையாது. யாரும் அவமானப்பட வேண்டியதில்லை, விதியும் உடையாது. உடை விதியைத் தாளில் பட்டும்படாமலும் எழுதாமல் நேராக எழுதுங்கள். சாப்பாட்டு அறைக்குக் கோட்டும் டையும் வேண்டும் என்றால் அதை வருகிறவருக்கு அனுப்பும் பதில் மெயிலிலேயே சொல்லிவிட வேண்டும், ஊரிலிருந்து கிளம்பிய பிறகு சொல்லிப் பயனில்லை.

முடிக்கும் வழியும் வேண்டும்

கேப்டன் வருஷா வருஷம் மாறுவார், கமிட்டியும் மாறும், இவர் ஆசையாகப் போட்டதை அடுத்தவர் மறந்துபோவார். அதனால் ஃபைல் ஆபீஸில் இருக்கட்டும், கேப்டன் வீட்டில் வேண்டாம். காலவரையறை இல்லாத ஒப்பந்தம் போடாதீர்கள். மூன்று வருஷம், பிறகு இருவரும் எழுத்தில் புதுப்பித்தால் மட்டும் தொடரும். நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் 90 நாள் நோட்டீஸ், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அதற்குள் உறுதியான டீ டைம்களை இரு பக்கமும் மதிக்க வேண்டும். நிறுத்துவது என்று முடிவானால் மெயிலில் முடிக்காமல் செக்ரட்டரி போன் போட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் கடிதம் அனுப்புவது நல்லது, இன்றைக்குப் பிரிந்த கிளப்போடு பத்து வருஷம் கழித்து அடுத்த கமிட்டி திரும்பப் பேச வேண்டி வரலாம். அதே நாளில் வெப்சைட்டிலிருந்தும், மெம்பர் கையேட்டிலிருந்தும், ஸ்டார்ட்டர் மேஜையிலிருந்தும் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். சுவரில் மாட்டிய கேடயத்தை மட்டும் இறக்க வேண்டாம், அதைப் பார்த்து யாராவது கேட்டால் இப்போது ஒப்பந்தம் இல்லை என்று ஆபீஸில் சொல்லிக்கொள்வார்கள்.